அருவியிலும் போகாத வாசனை

போன வருடம் ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு கீழப்பாவூரில். கணவருக்கு வெளியூரில் போலீஸ் வேலை. மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையாகி மூன்றாவது வருடம். சர்க்கரையில் பார்வை போய்விட்டது, காதும் மந்தம். ராப்பகலாக எல்லாம் நான்தான்.

அவருக்குத் தேய்க்கும் வலித் தைலமும் பினாயிலும் கலந்து என் மேல் ஒரு வாடை ஏறிவிட்டது. ஒருநாள் தென்காசி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வாசனையைத் தேட ஆரம்பித்தேன். தென்காசி கடைகளில் வாங்கிய ஒன்று தலைவலி தந்தது, இன்னொன்று ஊதுபத்தி மாதிரி இருந்தது. இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். இந்த வயதில்தான் தேவைப்பட்டது.

அந்த ஞாயிறு நாத்தனார் வந்து தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். நான் குற்றாலத்துக்குக் கிளம்பினேன். கடைத்தெருவில் ஓர் அத்தர் கடை. கடைக்காரர் துபாயில் பல வருடம் இதே வேலை பார்த்தவராம். நாலைந்து வகையை மோந்ததும் எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அவர் குப்பிகளை மூடிவிட்டார்.

“இதுக்கு மேல மோந்தா ஒண்ணும் பிடிபடாதுக்கா. இந்த மகிழம்பூவ மட்டும் கையில தடவுதேன். போய் அருவியில குளிச்சிட்டு வாங்க. பெறவும் மணம் நின்னா, அதுதான் உங்க ஒடம்புக்கு ஒட்டுத வாசன.”

பேரருவியில் பெண்கள் பக்கம் போய் நின்றேன். முதுகில் அடித்த தண்ணீரில், மூன்று வருடத்தில் முதல் தடவையாக யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வெளியே வந்து கையை மோந்தேன். மணம் அப்படியே இருந்தது! உடனே கடைக்குத் திரும்பி ஒரு குப்பி வாங்கி, கழுத்து, காதோரம், ரவிக்கை என்று தாராளமாகப் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார், “ஊசி போட்டாச்சு மதினி, கஞ்சி மட்டும் குடுத்திருங்க” என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள். கஞ்சியோடு போய் மாமியாரைத் தூக்கினேன். அவர் உடம்பு விறைத்தது.

“யாருட்டி நீ? என்னயத் தொடாத!”

காதருகே போய், “நான்தான் அத்த” என்று கத்தினேன். என் முகத்தைப் பிடித்துத் தள்ளினார். கஞ்சி சேலையில் கொட்டியது.

“எம்மருமவள வரச் சொல்லு. அவ வராம வாயத் தொறக்க மாட்டேன்.”

சர்க்கரை ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் ஆளையே சாய்த்துவிடும். ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீருக்குக்கூட உதட்டைத் திறக்கவில்லை. ஓடிப்போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். அருவிக்கே போகாத மணம் என் வாளித் தண்ணீருக்கா போகும்? கடைசியில் அழுக்குக் கூடையிலிருந்து முந்தின நாள் நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வலித் தைலத்தைக் கழுத்திலிருந்து முழங்கை வரை அள்ளித் தேய்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கை என்னைத் தடவியது. என் தோளில் மூக்கை வைத்து இழுத்தார்.

“எங்கட்டி போய்ட்ட? எவளோ வந்து என்னயத் தூக்கப் பாத்தா.”

மறுபடி ஊற்றிக் கொடுத்த கஞ்சி முழுவதையும் குடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர் அவர். அவரே என்னைத் தேடியதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் வந்தது. எனக்கென்று ஆசைப்பட்ட ஒரே ஒரு பொருள், அதையும் ஒரு நாள் முழுதாகப் பூசிக்கொள்ள முடியவில்லையே என்று கிண்ணத்தைக் கழுவும்போது வாய்விட்டு அழுதேன்.

இப்போது அந்த அத்தரை வெளியே கிளம்பும்போது கைக்குட்டையில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். அன்று அவர் பயந்துபோய்த் தேடியது என்னைத்தான் என்று நினைத்தாலும் அலுப்பு ஒன்றும் குறைவதில்லை. ஆனாலும் அந்த அலுப்போடே எழுந்து போய் அவருக்குக் கஞ்சி வைக்க முடிகிறது.