மகளின் விண்ணப்பத்தில் என் பெயர்

போன வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மில்பிடாஸில் நான் தோசை போட்டுக்கொண்டிருந்த ஹோட்டலின் போன் அடித்தது. கல்லாவில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "ஜெபராஜ் அண்ணே, டெக்சாஸ்ல இருந்து யாரோ லேடி, உங்களத்தான் கேக்கறாங்க" என்றாள். என் கை நின்றுவிட்டது. கல்லில் தோசை கருகியது. டெக்சாஸில் எனக்கு இருந்தது ஒரே ஓர் உறவு. அந்த உறவை நான்தான் அறுத்துவிட்டு வந்திருந்தேன்.

அன்பான விசுவாசிகளே, நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தூத்துக்குடியில் கப்பலில் சமையலுக்கு ஏறினேன். என் மனைவி ரோஸ்லின் நர்ஸ். அவள் புண்ணியத்தில்தான் நியூஜெர்சிக்கு வந்தேன், கிரீன் கார்டும் கிடைத்தது. எங்கள் ஒரே மகள் ஜாஸ்லின் அங்கேதான் பிறந்தாள். ஜாஸ்லினுக்குப் பதினொரு வயதாகும்போது ரோஸ்லினுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. கடைசி ஒன்பது நாள் மெஷினில் மூச்சு விட்டாள். பத்தாவது நாள் இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ரோஸ்லினுடைய தங்கை மெர்லினும் அவள் கணவரும் டெக்சாஸில் ஆலனில் இருந்தார்கள். "பிள்ளைய எங்கிட்ட விடுங்க அத்தான், நீங்க மனசு தேறி வாங்க" என்றாள் மெர்லின். விட்டேன். நான் தேறி வரவில்லை. ஊர் ஊராகப் போனேன். ஹூஸ்டன், சிகாகோ, மறுபடி நியூஜெர்சி, கடைசியாகக் கலிபோர்னியா. எங்கே போனாலும் ஒரு சமையல்கட்டு கிடைக்கும், பின்னால் ஒரு அறையில் நாலு பேரோடு ஒரு மெத்தை கிடைக்கும். ஒரு வருடம் முழுதாக ஓரிடத்தில் இருந்ததில்லை. போன் நம்பர் மாறும், சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஜாஸ்லினுக்கு ஒரு பார்சல் அனுப்புவேன். அப்படி அனுப்பிய கேக் பெட்டி ஒன்றில் எங்கள் ஹோட்டல் பில் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பெட்டியை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அதிலிருந்த நம்பருக்குத்தான் அன்று போன் வந்தது.

"அத்தான், நல்லா இருக்கியளா? மூணு வாரமா உங்களத் தேடி ஜெபிக்கோம்" என்றாள் மெர்லின். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

ஜாஸ்லின் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைத்திருந்தது. மூச்சுவிடச் சிரமப்படுகிறவர்களுக்குச் சிகிச்சை செய்யும் படிப்பு வேண்டும் என்றாள். அதன் முதல் வகுப்புகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். மெர்லின் கணவருக்கு மார்ச்சில் ஐ.டி. வேலை போய்விட்டது. அவர்களுக்கும் இரண்டு பிள்ளைகள். ஆகவே அரசாங்கத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஃபாஃப்சா என்று அதற்குப் பெயர். அதில் பெற்றோர் என்ற இடத்தில் சித்தி, சித்தப்பா பெயர்களைப் போட்டார்கள். ஏழு வருடம் சோறு போட்டு வளர்த்தவர்கள், வேறு யார் பெயரைப் போடுவார்கள்? ஆனால் அந்த விண்ணப்பத்துக்கு அது தப்பு. காலேஜ் அலுவலகத்தில் இருந்த அம்மாள் கேட்டாராம்: "சட்டப்படி தத்தெடுத்தீர்களா? காப்பாளர் என்று கோர்ட் உத்தரவு இருக்கிறதா?" அப்படி எதுவும் இல்லை. நம்மில் யார் அக்காள் பிள்ளையை வளர்க்கக் கோர்ட்டுக்குப் போகிறார்கள்?

"அப்படின்னா அவ அப்பாதான் வரணும்னு சொல்லுதாங்க. நீங்க உங்க பேர்ல ஒரு அக்கவுண்ட் தொடங்கி, வருமான விவரத்த எடுத்துக்கிடலாம்னு சம்மதம் குடுத்து, கையெழுத்துப் போடணும். கம்ப்யூட்டர்லயே போட்டுறலாம். ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள முடியலன்னா, பணம் கட்டலன்னு கிளாஸ்ல இருந்து பேர எடுத்துருவாங்க."

பிறகு போன் கைமாறியது. ஆறு வருடத்துக்குப் பிறகு என் மகளின் குரல் கேட்டது.

"அப்பா?"

"அம்மாடி, எவ்ளோ பணம் வேணும்?" என்றுதான் வாயில் வந்தது.

"ஐ டோன்ட் நீட் மனி, அப்பா. நீங்க லாகின் பண்ணணும். அவ்வளவுதான்."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்யவில்லை. பதினொரு நாள் செய்யவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் பல வருடங்களாக வருமான வரிக் கணக்குக் காட்டவில்லை. முதலாளிகள் பிடித்தம் செய்தார்கள். ஆனால் வருட முடிவில் அவர்கள் அனுப்பும் காகிதம் வருவதற்குள் நான் வேறு ஊருக்குப் போயிருப்பேன். இப்போது என் பெயரை அரசாங்க விண்ணப்பத்தில் போட்டால் பிடித்துக்கொள்வார்கள், கிரீன் கார்டு போய்விடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட எனக்கு என்ன யோக்கியதை?

ஹோட்டலில் தனியாக நிற்க ஒரே இடம் குளிர் அறைதான். மாவு வாளிகளுக்கும் கொத்தமல்லிப் பெட்டிகளுக்கும் நடுவே வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் தினமும் போனேன். என் ஜெபம் கோழையின் ஜெபம். "ஆண்டவரே, என் பிள்ளை படிக்கட்டும். ஆனா என் பேரு இல்லாம படிக்கட்டும்." இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மெர்லின் மறுபடி அழைத்தாள். இந்த முறை நலம் விசாரிக்கவில்லை.

"அத்தான், இன்னொரு வழி இருக்காம். தகப்பன் இவள விட்டுட்டுப் போயிட்டாரு, எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு ஒரு லெட்டர் குடுத்தா, சாட்சிக்கு எங்க பாஸ்டரும் எழுதிக் குடுத்தா, உங்க கையெழுத்து இல்லாமலே பாப்பாங்களாம்."

என் ஜெபத்துக்கு அப்படியே பதில் வந்தது போல இருந்தது. "அப்ப அதையே எழுதிக் குடுத்துரு மெர்லின்" என்றேன்.

அவள் சொன்னாள்: "நானும் அதத்தான் சொன்னேன். லெட்டர கூட டைப் பண்ணி வச்சேன். ஜாஸ்லின் கையெழுத்துப் போட மாட்டேங்கா. 'இட்ஸ் எ லை, சித்தி. அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். கேக் வருது'ன்னு சொல்லுதா. காலேஜ் போவாட்டாலும் பரவால்லையாம், அந்தப் பொய்ய எழுத மாட்டாளாம். இப்ப சொல்லுங்க அத்தான், நான் என்ன செய்ய?"

போனை வைத்துவிட்டுக் குளிர் அறைக்குள் போனேன். வெங்காய மூட்டை முன் மறுபடி முழங்கால் போட்டேன். என் மகள் படிப்பையே விடத் துணிந்திருந்தாள், என்னைத் தொலைந்துபோனவன் என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. தொலைந்துபோனவன் என்று எழுதச் சொன்னவன் நான். கதவு திறந்தபடி கிடந்தது, அதுகூடத் தெரியாமல் அழுதேன்.

"அண்ணே, சாமி கும்புடுறதா இருந்தா கதவ மூடிட்டுக் கும்புடுங்க. மாவு புளிக்குதுல்ல" என்று ஒரு குரல். எங்கள் ஹோட்டலில் பரோட்டா போடும் முத்து, மதுரைக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "என்னண்ணே, ஊர்ல யாரும் தவறிட்டாங்களா?"

எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். வரி விஷயம் வந்ததும் முத்து தலையில் அடித்துக்கொண்டார். "இம்புட்டுத்தானா? நானும் மூணு வருசம் போடாமக் கெடந்தவன்தான். ஜெயிலுக்கா அனுப்புனாங்க? லைப்ரரில சனிக்கிழம ஓசியிலயே போட்டுத் தருவாங்க. நம்மள மாதிரி ஆளுகளுக்குன்னே உக்காந்திருக்காங்க. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் எதிர்பார்த்த உதவி வெளிச்சமாக வரவில்லை. கையில் மைதா மாவோடு கதவில் நின்றது. நம்முடைய விசுவாசத்தில் இல்லாத ஒரு மனிதரை ஆண்டவர் எனக்காக அனுப்பினார் என்று நான் நம்புகிறேன்.

சனிக்கிழமை லைப்ரரியில் வயதான ஒரு சீனத்து அம்மாள் என் விவரங்களை வாங்கிக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் வேலை பார்த்த பழைய முதலாளிகள் இருவரையும் போனில் பிடித்தேன். ஒருவர் திட்டினார், ஆனாலும் காகிதத்தைப் படம் எடுத்துப் போனிலேயே அனுப்பினார். கல்வி உதவிக்கு அவர்கள் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம் என்பதால் அந்த வருடத்துக் கணக்கை முதலில் போட்டார் அந்த அம்மாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் அரசாங்கத்துக்குத் தர வேண்டியது இல்லை. அவர்கள்தான் உங்களுக்குக் கொஞ்சம் தர வேண்டும்" என்றார். எத்தனை வருடம் எதற்குப் பயந்து ஓடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அங்கேயே உட்கார்ந்து, ஃபாஃப்சாவிலிருந்து எனக்கு வந்திருந்த மின்னஞ்சலைத் திறந்தேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஜாஸ்லின் தன் விண்ணப்பத்தில் உங்களைத் தன் பெற்றோர் என்று குறிப்பிட்டிருக்கிறாள், உங்கள் பகுதியை நிரப்புங்கள் என்று அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். முத்து பக்கத்தில் நின்று, "அழுது கீபோர்ட நனைச்சுராதீங்கண்ணே, அது லைப்ரரி சொத்து" என்றார்.

அக்கவுண்ட் தொடங்கி, சம்மதம் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். வரிக் கணக்கு பதிவாக நாளாகும் என்பதால் அதன் நகலைக் காலேஜுக்கு நேராக அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஆகஸ்ட் பதினைந்து நெருங்கியது. முத்துவும் தினமும் கேட்பார்: "உங்க சாமிகிட்ட இருந்து தகவல் உண்டா?"

பதின்மூன்றாம் தேதி மதியம் ஜாஸ்லின் கூப்பிட்டாள். கிராண்ட் கிடைத்துவிட்டது. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். காலேஜ் கட்டணத்துக்குப் போக, புத்தகத்துக்கும் பெட்ரோலுக்கும் மிஞ்சும். எப்படி என்று கேட்டேன். "உங்க இன்கம் ரொம்பக் கம்மிப்பா, அதனால ஃபுல் அமவுன்ட்" என்றாள். இத்தனை வருடம் எந்தச் சம்பளத்தைச் சொல்ல வெட்கப்பட்டேனோ அதையே ஆண்டவர் என் பிள்ளைக்குத் தகுதியாக்கினார். ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வேன்!

போனை வைக்கும் முன் அவள் சொன்னாள்: "அப்பா, இத ஒவ்வொரு வருஷமும் பண்ணணும். நெக்ஸ்ட் இயரும் நீங்க இருக்கணும்."

அந்த மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். முத்து வழியில் சாப்பிடப் பன்னிரண்டு பரோட்டா கட்டிக் கொடுத்தார். ஆலன் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. ஒரு சின்ன அறை, இந்த முறை எனக்கு மட்டும். முதல் ஞாயிறு ஜாஸ்லின் கார் ஓட்டிக்கொண்டு என்னைச் சபைக்குக் கூட்டிப்போக வந்தாள். எனக்கும் அவளுக்கும் இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. மெர்லினிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல சாப்பிடுங்க அத்தான், அப்புறம் கேக்கலாம்" என்றாள்.

இதை வாசிக்கிறவர்களில் உறவுக்காரர் பிள்ளையை வளர்க்கிறவர்கள் இருந்தால், உண்மை நிலையைக் காலேஜ் அலுவலகத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் வழி காட்டவே இருக்கிறார்கள். என்னைப் போல வெட்கத்தாலும் பயத்தாலும் விலகி ஓடுகிறவர்கள் இருந்தால், உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நான் கேட்டபடி ஆண்டவர் தந்திருந்தால் என் மகளுக்குப் படிப்பு மட்டும் கிடைத்திருக்கும். அவர் அதைத் தரவில்லை. உங்கள் ஜெபம் தவறாக இருந்தாலும் அவரிடமே போய்க் கேளுங்கள், அவர் திருத்தித் தருவார்.

இந்த வருட விண்ணப்பத்தைச் சென்ற மாதம் ஜாஸ்லினோடு உட்கார்ந்து நிரப்பினேன். என் விவரங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தவள், "அட்ரஸ் மாறிடுச்சாப்பா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். போன வருடம் ஆலன் பக்கத்தில் நான் அறை எடுத்த அதே முகவரிதான். மாறவில்லை என்று சொன்னேன்.