கிருத்திகையன்று கொடுத்த சிறுநீர்

சிறுநீர் சிவப்பாகப் போனபோது முதலில் சாயம் என்றுதான் நினைத்தேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. சிவப்புத் தொட்டி போட்ட நாளில் கை, கால், வேட்டி எல்லாம் அந்த நிறம்தான். மறுநாளும் அப்படியே போனதும் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கே திருத்தணி டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும், சாயத் தொழிலில் மூத்திரப் பைக்குப் புற்றுநோய் ஆபத்து உண்டு என்றார். மூத்திரப் பையின் உள்சுவரில் உள்ள செல்கள் சிறுநீரோடு உதிர்ந்து வருமாம். அதில் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்றார். வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன்: இது நல்லபடியாக முடியும்வரை ஒவ்வொரு கிருத்திகையும் திருத்தணி மலைக்கோயிலில் தரிசனம் ஆகாமல் பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை.

எதிலும் முதலாவதுதான் சுத்தம் என்பது எங்கள் வீட்டு எண்ணம். சாமிக்கு வைப்பதும் முதலில் கறந்த பால்தான். அதனால் விடிந்ததும் முதலில் போன சிறுநீரையே லேப் புட்டியில் பிடித்தேன். ஃபிரிட்ஜில் வைக்கப் போனால் மனைவி தடுத்தாள். “அபிஷேகப் பால் கீதுங்க அதுல.” பாத்ரூம் ஜன்னலில் வைத்துவிட்டு, குளித்து, பூஜை முடித்து, பஸ் பிடித்துத் திருத்தணி லேபில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில நாள் கழித்துப் போனால், செல்கள் சிதைந்துவிட்டன, படிக்க முடியவில்லை என்று வந்திருந்தது.

“ராத்திரி பூரா பையில ஊறினு இருந்ததுண்ணா அது” என்றாள் லேபில் இருக்கும் பெண். “செல்லு உப்பி ஒடஞ்சி போயிருக்கும். காலைல மொதல்ல போறத உட்ருங்க. நல்லா தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க, அப்பறம் இங்கயே வந்து குடுங்க. நாளைக்கே வாங்க. மத்தியானம் கண்ணாடித் தகடெல்லாம் மெட்ராஸ் டாக்டருக்குப் போவுது. உட்டா அடுத்த வாரம்தான்.”

மறுநாள் கிருத்திகை. என் வேண்டுதலைச் சொன்னேன். மனைவிதான் வழி சொன்னாள்: “இன்னொரு வாரம் என்னால இப்படி இருக்க முடியாது. காலைல மலைக்கு ஏறுங்க. சாமியப் பாத்துட்டு மேலயே தண்ணி குடிங்க. எறங்கி வந்து குடுங்க.”

“நடந்தா ரொம்ப நல்லதுண்ணா, செல்லு நெறய உதிரும்” என்றாள் லேப் பெண்.

வாசலில் ஆட்டோவோடு நின்ற மச்சான் சும்மா இருக்கவில்லை. “இன்னா பாவா, ஒண்ணுக்குப் போவவா மலை ஏறப் போறீங்க?”

“வாய மூட்றா” என்றாள் அவன் அக்கா. “அவரு சாமியப் பாக்க ஏறுறாரு.”

காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டுப் படி ஏறினோம். கூட்டம். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. சந்நிதியில் நோய் இருக்கக் கூடாது என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, இந்தத் தடவை செல் முழுசாக வரணும் என்பதுதான். அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் மனைவி கையில் தூக்கி வந்திருந்த தண்ணீரைக் கொடுத்தாள். மிச்சமில்லாமல் குடித்தேன்.

பாதிப் படி இறங்கும்போதே முட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோவில் ஏறியதும் மச்சான், “புடிச்சிக்கினு உக்காருங்க பாவா, சீட்டு புதுசு” என்றான்.

கொடுத்த சிறுநீரை அந்தப் பெண் அப்போதே குழாயில் ஊற்றிச் சுழலும் இயந்திரத்தில் வைத்தாள். அது நின்றபோது குழாயின் அடியில் கோலமாவு ஒட்டினாற்போல் துளி வண்டல். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயவிடாமல் ஸ்பிரிட்டில் முக்கினாள். பிறகு வரிசையாக இருந்த ஜாடிகளில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள்.

“சாயமாம்மா?”

“ஆங், சாயந்தான். செல்லுக்கு நெறமே கெடையாதுண்ணா. நடுவுல இருக்குற கரு நீலமா ஆவும், சுத்தி வேற கலரு.”

முக்குவது, அலசுவது, அடுத்ததில் முக்குவது. நான் செய்யும் வேலைதான், விரலகலத்தில். வாசலிலேயே நின்று பார்த்தேன். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கூப்பிட்டாள். வெளிர்பச்சையில் அகலமான தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நாவற்பழம் வைத்தாற்போல். சில தனியாக, சில ஒட்டிக்கொண்டு. எனக்குள்ளிருந்து வந்தவை.

நான் வாயைத் திறப்பதற்குள், “நல்லதா கெட்டதான்னு நான் சொல்லக் கூடாதுண்ணா” என்றாள். “ஆனா செல்லு முழுசா வந்துக்குது.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டார். கேட்காததற்கு அடுத்த வாரம்வரை காத்திருந்தோம்.

புற்றுநோய்ச் செல் இல்லை என்று வந்தது. சிறுநீரில் ரத்தம் வந்தது உள்ளே இருந்த ஒரு சின்னக் கல்லால் என்று ஸ்கேனில் தெரிந்தது. சாய வேலை என்பதால் வருஷா வருஷம் இந்தப் பரிசோதனை செய்யணும், தொட்டியில் வெறுங்கை வைக்கக் கூடாது என்றார் டாக்டர். இப்போது கையுறை போட்டுக்கொள்கிறேன். பரிசோதனை நாள் கிருத்திகையாக இல்லாவிட்டாலும் மலை ஏறிவிட்டுத்தான் கொடுக்கிறேன். தண்ணீரை அவள்தான் தூக்கி வருகிறாள். தரிசனம் ஆகும்வரை என் கையில் தருவதில்லை.