நாணல்திட்டில் கேட்ட இரண்டாவது வேட்டு

விடிந்தும் விடியாத நேரம் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினேன். கார்த்திகை பிறந்த வாரம். பிளாட்பாரம் முழுக்கப் பனி. எனக்கு முன்னால் இறங்கிய குடும்பம் பத்தடி நடந்ததும் காணாமல் போனது. குழந்தையின் கொலுசுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பக்கத்து ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது என்பதற்காக இப்படியா என்று கேட்டேன். "இந்தப் பனிக்கு இனிப்பு கேக்கும்ங்க, குடிங்க" என்றார் கடைக்காரர். குடித்தேன், கேட்கத்தான் செய்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் அவர் வீட்டுக் கதை எனக்கும் என் வீட்டுக் கதை அவருக்கும் தெரிந்திருக்கும். அப்படித்தான் கலைவாணியும் பழக்கமானாள். போன தை மாதம் பொம்மை வாங்க இந்த ஊருக்கு வந்திருந்தேன். ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் நாணல்திட்டு, வெள்ளாற்றுக்கு நடுவில், பெண்ணாடத்துக்கு அந்தப் பக்கம் என்றாள். வெயில் காலத்தில் மணலில் நடந்தே போய்விடலாமாம், மழைக்காலத்தில் தீவாம். "தீவா இருக்கறப்ப வாங்கக்கா, அப்பதான் அழகு" என்றாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். பனியும் களிமண் தூசும் கலந்து தெருவே வெள்ளையாக இருந்தது. பலகைகளில் சாயம் பூசாத பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் கண் இல்லை. கலைவாணி உட்காரும் மணை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து பொழுது சாஞ்சு வலி வந்துடுச்சிங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க." அவள் கர்ப்பமாக இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் மார்கழியில்தான் என்று போனில் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் கணவன் சரவணன் நின்றிருந்தான். அதே பட்டறையில் சூளை வேலை பார்ப்பவன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"பொறந்துடுச்சிங்க. பொண்ணு. ஒரு மாசம் முன்னாடியே வந்துட்டா. கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்க. மூச்சு கொஞ்சம் இழுக்குதாம். பால் குடிக்கட்டும், மத்தியானம் பாத்துட்டுச் சொல்றேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"கலைவாணி?"

"அது நல்லா இருக்குது. உங்கள ஊருக்குப் போவச் சொல்லிச்சி. அக்கா சோறாக்கி வச்சிருக்குமாம்."

இந்த நேரத்தில் விருந்தா என்று நான் பின்வாங்கினேன். அவன் விடவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். வழியில் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு மட்டும். அங்க யாருகிட்டயும் கொழந்த பேச்ச எடுத்துடாதீங்க."

"ஏன், நீ போன் பண்ணிச் சொல்லவில்லையா?"

"சொல்லியாச்சிங்க. எல்லாருக்கும் தெரியும். ஆனா சேதி போவல."

எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். திட்டுப் பெண்கள் பிரசவத்துக்கு ஆற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். சேதி சொல்ல, கணவன் கரைக்கு வந்து வேட்டு போடுவான். முதல் வேட்டு தாய்க்கு, இரண்டாவது பிள்ளைக்கு. இரண்டு பேர் நிலைமையும் உறுதியாகத் தெரிந்த பிறகுதான், அதுவும் தேறியவருக்கு மட்டும்தான் போட வேண்டும். அந்தக் காலத்தில் அதிர்வேட்டு, இப்போது தீபாவளி அணுகுண்டு. ஊரில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. வேட்டுச் சத்தம் கேட்கும் வரை திட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

"போன தடவ ஒண்ணுதான் போட்டேன்" என்றான் சரவணன். பஸ் கிளம்பிவிட்டது.

பெண்ணாடம் இருபது கிலோமீட்டர் சொச்சம். தேன்மொழிக்காக, அதாவது கலைவாணியின் அக்காவுக்காக, பட்டறையில் அரை டஜன் பீங்கான் கப் வாங்கியிருந்தேன். "ஒடையற சாமானா? கீழ வைக்காதீங்க, மடியில வச்சிக்கிங்க, ரோடு அப்புடி" என்றார் கண்டக்டர். ரோடு அப்படித்தான் இருந்தது. பனிக்குள் கரும்பு டிராக்டர்கள் வருவதும் போவதுமாக இருந்தன. முகப்பு விளக்கு மட்டும் முதலில் வரும், பின்னால் கரும்பு வாசனை வரும். மடியில் கப், வாய்க்குள் ரகசியம். எது முதலில் உடையுமோ என்று பயந்துகொண்டே போனேன்.

பெண்ணாடத்திலிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஆற்றங்கரையில் இறங்கியபோது மணி பத்து. பனி விலகவே இல்லை. ஆறு தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. பரிசல்காரர் ஏழுமலை ஒரு கேஸ் சிலிண்டரை ஏற்றி, பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்.

"எவ்வளவு கொடுக்கணும்?"

"திட்டுக்காரங்களுக்குக் காசு கெடயாது. விருந்தாளிக்கும் கெடயாது. யாரு வூட்டு விருந்தாளி?"

"கலைவாணியோட அக்கா வீட்டுக்கு. காலையில் விருத்தாசலத்திலிருந்துதான்…"

துடுப்பு நின்றது. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் நூறு கேள்வி இருந்தது. பிறகு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இந்த வருஷம் நாணல் ஜாஸ்திங்க" என்றார். ஆமாம் என்றேன். நாணல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

திட்டு, பரிசல் தட்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பது, நாற்பது வீடு இருக்கும். நடுவில் உயரமான மேட்டில் மாரியம்மன் கோயில். உளுந்துக் கொல்லை, சோளக் கொல்லை, எருமைகள், சுற்றிலும் நாணல். எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் தண்ணீர்ச் சத்தம். தேன்மொழி வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பது வயதுக்குள்தான். தாயில்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவள் என்று கலைவாணி சொல்லியிருக்கிறாள்.

"வாங்கக்கா. பஸ்ஸுல எடம் கெடச்சிதா?"

அவ்வளவுதான் கேட்டாள். கப்களைப் பார்த்து, "தங்கச்சி வேல செய்யற எடத்துல வாங்கினதா?" என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். 

கெண்டை மீன் குழம்பு கொதிக்கும்போது பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்குக் காப்பித்தூள் வேண்டும். ஒருத்திக்கு, உங்க வூட்டுல கரண்டு இருக்குதா என்று தெரிய வேண்டும். வந்தவர்கள் போகவில்லை. எல்லோரும் பேசினார்கள்: சிலிண்டர் முடிந்துவிட்டால் யார் வீட்டு அடுப்பில் சமைப்பது, தண்ணீர் ஏறும் போதெல்லாம் பிள்ளைகளைப் பெண்ணாடத்தில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் விடுவது, ரேஷன் அரிசி பரிசலில் நனைந்தால் யாரைக் கேட்பது. பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். விருத்தாசலத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். என் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினார்கள். நான் மீனில் முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆனாலும் வாய் வாய்தானே. "குழந்தை…" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"கொழந்தைங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க" என்று தேன்மொழி சட்டென்று வெட்டினாள். "இன்னும் ரெண்டு துண்டு போடட்டுமா?"

போடச் சொன்னேன். வாய் அடைபட்டால் நல்லது.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. தூறல் விழுந்தது. அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தேன்மொழி தானாகப் பேசினாள். இந்தத் தடவையைப் பற்றி அல்ல. அதற்கு அனுமதி இல்லை. போன தடவையைப் பற்றி.

"ரெண்டு வருஷம் ஆவுது. நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதுத்துணி, கொசுவல எல்லாம் எடுத்துட்டுப் போனேன். வெறுங்கையோட திரும்பி வந்தேன். கரையில நின்னு தங்கச்சி வூட்டுக்காரரு ஒரு வேட்டு போட்டாரு. ஊரே ரெண்டாவதுக்குக் காத்துகிட்டிருந்திச்சாம். அந்த ரெண்டாவது வேட்டு அவரு கையிலயே இருந்திச்சி. தூக்கிப்போட மனசு வரலக்கா, நான் வாங்கிட்டு வந்துட்டேன்."

மூலையில் ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் காட்டினாள். உள்ளே உமி. உமிக்குள் அது இருக்கிறதாம்.

"இந்தத் தடவ வரலன்னு சொல்லிட்டேன். நான் கூடப் போனதாலதான் அப்படி ஆச்சோன்னு ஒரு பயம். நான் இங்கயே இருக்கேன், காதால கேட்டுக்கறேன்னு அனுப்பி வச்சேன்."

 உன் தங்கை மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூறலும் ஆற்றுச் சத்தமும் கலந்து ஒரே இரைச்சலாக, தாலாட்டாக இருந்தது. நான் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. கனவில் அந்தக் கண்ணில்லாத பொம்மைகள் பரிசலில் வந்தன.

நாலரை மணிக்கு எழுந்தபோது வீட்டில் ஆள் இல்லை. தெருவில் ஆள் இல்லை. ஊர் முழுக்கக் கரையில் இருந்தது. அதற்காக யாரும் வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் எருமை குளிப்பாட்டினார், நாலு பேர் நாணல் அறுத்தார்கள், பெண்கள் காலையில் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினார்கள். தேன்மொழி கையில் ஒன்றுமில்லை. சும்மா நின்றாள்.

அக்கரையில் பனிக்குள் ஓர் உருவம் வந்து நின்றது. குனிந்தது. ஓடியது.

முதல் வேட்டு. ஆறே அதிர்ந்தது. நாணலிலிருந்து கொக்குகள் கிளம்பிப் பனிக்குள் போயின. தங்கை பிழைத்தாள். ஒருவர்கூட அசையவில்லை.

உருவம் மறுபடி குனிந்தது. ஓடியது. நின்றது. சத்தம் இல்லை.

திரும்பி வந்தது. மறுபடி குனிந்தது. சத்தம் இல்லை. பாத்திரம் துலக்கிய கைகள் எல்லாம் நின்றுவிட்டன. தேன்மொழியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாவி, இங்கே வந்து இதையா பார்க்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது அக்கரையில் சரவணன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். குதித்தான். மறுபடி மறுபடி குதித்தான்.

"அந்தாளு குதிக்கிறாரே!" என்று கத்தினேன்.

"குளுருக்குக் குதிப்பாரு" என்றாள் தேன்மொழி. குரல் கரகரத்தது.

ஏழுமலை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "திரி நனைஞ்சிடுச்சி போலருக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அவர் சொல்லி முடிக்கும் முன் தேன்மொழி ஓடினாள். சேற்றில் ஒரு தடவை விழுந்து எழுந்தாள். திரும்பி வந்தபோது முந்தானைக்குள் ஜாடி. கரையிலேயே உட்கார்ந்து, உமியை இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டி, பச்சைச் சணல் சுற்றிய அந்த வேட்டை எடுத்தாள். பொட்டு ஈரம் இல்லை. ஏழுமலை அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தலை உருமாலுக்குள் செருகிக்கொண்டு பரிசலைத் தள்ளினார்.

பனி பரிசலை விழுங்கியது. கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எருமைகூட அசையவில்லை என்று எனக்கு ஞாபகம்; எருமை அசைந்திருக்கலாம்.

வெடித்தது.

ஐயோ, என்ன சத்தம்! ரெண்டு வருஷம் உமிக்குள் அடங்கிக் கிடந்த சத்தம். பெண்கள் குலவையிட்டார்கள். காப்பித்தூள் கேட்டு வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தேன்மொழி சேற்றுக் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி சொன்னாள்:

"அக்கா, எந்தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்திருக்குதுக்கா!"

"அப்படியா!" என்றேன். காலையிலிருந்து அடக்கி வைத்த வாய், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அழத்தான் முடிந்தது.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டேன். பரிசலில் உட்கார்ந்தபோது சென்னையில் என் எதிர் ஃப்ளாட் ஞாபகம் வந்தது. அங்கே குழந்தை பிறந்த சேதி குரூப்பில் வந்தது. நானும் ஒரு பூ படம் அனுப்பினேன். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை பேசுகிற நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

கரையில் சரவணன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். "கொழந்த பாலு குடிச்சிடுச்சிங்க! மூச்சு சரியாயிடுச்சின்னாங்க!" என்றான். பெண்ணாடம் ஆட்டோவில் ஒன்றாக வந்தோம். பாதி வழியில் அவன் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கலைவாணி. அவன் போனை என்னிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க. நான் இந்தக் கரையில நின்னவன், எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குரல் சோர்ந்து, எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. பின்னால் சின்னதாக ஒரு சிணுங்கல் கேட்டது.

"அக்கா, ஊர்ல கேட்டுச்சா?"

"கேட்டுதும்மா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்" என்றேன்.