வடிகானில் இருந்த மாரிமுத்து

மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மழைநீர் ஓடும் வடிகான் வெட்டப் போன முதல் நாள். கல்லைப் புரட்டியதும் ஒரு வண்டு புஸ்ஸென்று எதையோ பீச்சியது. விரல் எரிந்து பழுப்பேறியது. கை வீங்கினால் வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த ஒல்லி மனிதர் என் விரலை மோந்து பார்த்தார்.

"பீச்சுனது மாரிமுத்துதாங்க. மாரியாத்தா போட்ட அம்மை முத்தாட்டம் மஞ்சப் புள்ளி இருக்கில்ல, அதான் பேரு. எரியும், சாயங்காலம் சரியாயிரும். புள்ளியில்லாத கறுப்பன் மாரியப்பன். ஆத்தாளுக்கே அப்பன், சாது. சும்மா ஓடிருவான்."

"வண்டுக்கெல்லாமா பேரு வப்பாங்க?"

"தெனமும் பாக்குறோமே, எப்புடிக் கூப்புடுறது? மம்பட்டியப் புடிங்க, கங்காணி வாறாரு."

சொன்னபடியே சாயங்காலத்துக்குள் எரிச்சல் அடங்கியது, வேலையும் நிலைத்தது. ஆனால் அன்று கங்காணி வந்து சேர்வதற்குள் அந்த வண்டை அவர் கையில் எடுத்தபோது அவரையும் சுட்டது. உதறாமல், மண்வெட்டி படாத இடமாகத் தேடி அதை இறக்கி விட்டார். ஏனென்று இன்றும் எனக்குப் புரியவில்லை.