குருத்து நிறத்தில் ஒரு கரும்புள்ளி

கொழிஞ்சாம்பாறை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில்தான் அதை முதலில் பார்த்தேன். இலை வடிவத் தோடு. அடியில் வெளிர் மஞ்சள், நுனிக்குப் போகப் போகப் பச்சை. நடுவில் கோடு தெரியாமல் ஒன்று இன்னொன்றுக்குள் கரைந்திருந்தது. தென்னையில் புதிதாக விரியும் குருத்தோலையின் நிறம். அந்த நிறத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு கோடை முழுக்கக் களிமண்ணோடு மல்லுக்கட்டியிருந்தேன். அந்தத் தோட்டை நான் விற்கவில்லை. அந்தப் பெண்ணையும் எனக்குத் தெரியாது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வடகரப்பதியில் என் வீட்டுப் பின்னறையில் பாலிமர் களிமண்ணில் நகை செய்து விற்றுக்கொண்டிருந்தேன். சுட்டால் கல்லாக இறுகும் அந்தக் களிமண் வண்ண வண்ணக் கட்டிகளாகக் கிடைக்கும். கூட இருந்தவள் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அவளை நங்கை என்போம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஈரத்தலையோடு வந்து உட்காருவாள். கலப்பது நான், வெட்டுவது அவள். மஞ்சளையும் பச்சையையும் முக்கோணமாக வெட்டிச் சேர்த்து, தகடாக இழுக்கும் கைமெஷினில் மடித்து மடித்து விடுவேன். ஒரே திசையில்தான் மடிக்க வேண்டும். ஒருமுறை மாற்றி மடித்தாலும் போச்சு, நிறம் சேறாகிவிடும். அந்தத் தகடுகளையும் நரம்புக்கான கரும்பச்சையையும் அடுக்கி இலையாக்கி, நீள உருளையாக உருட்டி எடுப்பேன். எங்கே வெட்டினாலும் உள்ளே அதே இலை இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு உருளை இளகிவிடுமென்று தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைப்போம். நங்கை மெல்லிய பிளேடால் வில்லை வில்லையாக அரிந்து போடுவாள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

பச்சையில் ஒரு சிட்டிகை காவி சேர்ப்பதுதான் ரகசியம். வெறும் பச்சை பிளாஸ்டிக் மாதிரி பல்லை இளிக்கும். காவி விழுந்தால்தான் அடங்கி இலையாகும், ஓவனில் வைத்துச் சுட்டாலும் கறுக்காது. இது எனக்குத் தெரியும், நங்கைக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. கோயமுத்தூர்க் கல்யாண வீடுகள் அந்த நிறத்துக்காகவே என்னைத் தேடி வந்தன. அது கடைக்குக் கடை கிடைக்க ஆரம்பித்தால் என்னை யார் தேடுவார்கள்? அதைவிட, நங்கை இல்லாத பின்னறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள் அவள்தான்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். பால் கெட்டியாக இருந்தால்கூட இன்றைக்கு என்ன கலந்தானோ என்று முகர்ந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் கையில் இப்படி ஒன்று சிக்கினால் விடுவேனா? நங்கைக்கு போன் வந்தால் எழுந்து தென்னந்தோப்புப் பக்கம் போய்ப் பேசினாள். முன்பும் அப்படித்தான் போனாளா, நான்தான் கவனிக்கவில்லையா? உருளையின் இரண்டு முனையிலும் இலை கோணிப்போகும். அந்தத் துண்டுகளை வெட்டி ஒரு டப்பாவில் போடுவோம். டப்பா குறைவது போல இருந்தது. முழு உருளையும் முந்தின நாள் வைத்ததைவிடக் குட்டையாக இருப்பது போலத் தோன்றியது. "என்ன அம்மிணி, ரெண்டு நாளா மூஞ்சி சரியில்லியே?" என்று அவளே கேட்டாள். "தலவலி நங்கே" என்றேன். சொல்லிவிட்டு, அவள் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். திருடனைத் தேள் கொட்டினால் கத்த மாட்டானாம். இவளுக்கு எது கொட்டியதென்றே தெரியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்த உருளையை அடுக்கும்போது, அவள் வருவதற்கு முன்பே, இலையின் ஓரத்தில் கறுப்புக் களிமண்ணை நூலாக இழுத்து உள்ளே படுக்க வைத்தேன். உருட்டினால் நூலும் உருளையோடு நீளும். எந்த வில்லையை எடுத்தாலும் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கரும்புள்ளி நரம்போடு நரம்பாக ஒளிந்திருக்கும். யாராவது கேட்டால், குழந்தை கன்னத்தில் வைப்பது போலத் திருஷ்டிப் பொட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் பொறுத்து, கொழிஞ்சாம்பாறையில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். பாசிமணி பார்ப்பது போல நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் குருத்து நிறத் தோடுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை வாங்கி வாசல் வெளிச்சத்தில் திருப்பினேன். புள்ளி இருந்தது. "நல்லாப் போவுதுங்க. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு பொட்டு வேற வெச்சிருக்காங்க பாருங்க" என்றார் பாய். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. என் சந்தேகம் சரிதான் என்பதில் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம் வீடு வரும்வரை தோட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தேன்.

மறுநாள் நங்கை பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோட்டை அவள் முன்னால் வைத்தேன். இல்லை என்பாள், அழுவாள், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நாந்தானுங்க குடுத்தேன்" என்றாள்.

அம்மிணி என்று கூப்பிட்ட வாயில் அந்த 'ங்க' வந்தபோதே எனக்கு உள்ளே என்னவோ அறுந்தது. "எத்தன நாளா நடக்குது?" என்றேன்.

"வெட்டறவ நானு. புள்ளி மொத வில்லையிலயே தெரிஞ்சு போச்சுங்க. அது வரைக்கும் இந்த ஊட்ட உட்டு நான் ஒரு வில்லை வெளிய எடுத்துட்டுப் போவல. என்னய வேவு பாக்கறீங்கன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். திருடின்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்பறம் திருடாம இருந்து என்னுங்க பண்றது?"

"அப்ப நான் பஸ்ல பாத்தது?"

"மஞ்சளும் பச்சையும் ஒலகத்துல நீங்க மட்டுந்தான் வாங்கறீங்களா?"

பிளேடைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பின்னறைக்கு வரவில்லை. இப்போது தன் வீட்டிலேயே செய்து பாய் கடைக்குக் கொடுக்கிறாள். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனால் முதல் பந்தியில் உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்கங்க என்கிறாள். அவளை விட்டால் கேட்க ஆளில்லாத பேச்செல்லாம் எனக்குள்ளேயே கிடக்கிறது. என் வில்லைகளை நானே வெட்டுகிறேன். ஒன்று தடிமன், ஒன்று மெலிசு.

பஸ்ஸில் பார்த்த தோட்டில் காவி இருந்தது. இருந்ததாகத்தான் நினைக்கிறேன். ஜன்னல் வெயிலில் மஞ்சள்கூடக் காவியாகத் தெரியும். அவள் சொன்னது உண்மையென்றால், இல்லாத திருட்டை நான்தான் கூப்பிட்டு நடுவீட்டில் உட்காரவைத்தேன். பொய்யென்றால், இவ்வளவு கெட்டிக்காரப் பொய்யை நான் கேட்டதில்லை. ஒருநாள் நேரே போய்க் கேட்டுவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவாள். சொன்னாலும் நான் நம்பமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும்.