பாயில் கொஞ்சம் இடம்

மகன் வீட்டுக்கு நான் குடிவந்த பிறகு ஏறி இறங்கும் மூன்றாவது சர்ச் இது. ஏசி ஹால், மெத்தை வைத்த நாற்காலிகள். முன்னால் சின்னப் பிள்ளைகள் உட்காரக் கோரைப்பாயை உதறி விரித்தார்கள். அந்த வாசனையில் எனக்குக் கீரனூர் ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், வாத்தியாராக இருந்த அப்பாவை அந்த ஊருக்கு மாற்றினார்கள். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, எங்களுக்கு ஒரு வேதக்கோயில் தேடிப் போவோம். ஆராதனை முடிந்ததும் யாராவது சிரித்தபடி வந்து, "எந்த ஊருங்க?" என்பார்கள். அப்பா சொல்வார். "அங்க எந்தத் தெருங்க?" கேட்பது சாதியைத்தான் என்று சிறுமியான எனக்கே தெரியும். தெருவைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு வாடிவிடும்.

"பாட்டு நல்லாருந்துச்சுல்ல?" என்பார் அப்பா, திரும்பும் பஸ்ஸில்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாரம் வேற பாப்போம்," என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

ஒரு ஞாயிறு பஸ் தாமதம். ஓட்டுக்கூரை போட்ட அந்தக் கோயிலில் பாய் நிறைய ஆட்கள். வாசலில் வேர்த்து நின்ற அம்மாவை ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. "இங்கிட்டு வாங்க" என்று பக்கத்திலிருந்தவளை இடித்துக்கொண்டு நகர்ந்தாள். அவள் அடுத்தவளை நகர்த்தினாள். வரிசையே நகர்ந்தது.

"பிரசங்கம் சுமார்தான்," என்றார் அப்பா, வெளியே வந்ததும்.

"இருக்கட்டும். இனிமே இங்கதான்."

இன்று என் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. எனக்காக யாரும் நகர வேண்டியதில்லை.