அக்காவின் அளவுக்கு ஒரு சீட்

அந்த மஞ்சள் காரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் அழகோ சத்தமோ இல்லை. கிளட்ச் பெடலை எட்டுவதற்காக விறைத்து நீண்ட எங்கள் அக்காவின் கால் கட்டைவிரல்தான். சீட்டின் நுனிக்குச் சரிந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, கழுத்தைக் கோழி மாதிரி நீட்டி முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "எல்லாம் சரியா இருக்குடா தம்பி" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சரியாக இருக்கிறவர்கள் யாராவது அப்படி உட்காருவார்களா?

அக்கா குள்ளம். நான் பக்கத்தில் நின்றால் என் தோளுக்குக் கீழேதான் நிற்பாள். ஆனால் அவனியாபுரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரே பெண் அவள்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. இளவயதில் பஸ் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. ஹெவி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனாள். சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்கள், அவ்வளவுதான், வண்டியில் ஏற்றிப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "சாப்பிட என்னம்மா இருக்கு?" என்று கேட்டாளே தவிர ஒரு வார்த்தை புலம்பவில்லை. அது அவள் சுபாவம். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமையா இருக்கு" என்பாள். டெய்லர் ரவிக்கையை இறுக்கித் தைத்துவிட்டால், தைத்தவர் மனசு நோகக்கூடாது என்று மூச்சை அடக்கிப் போட்டுக்கொள்வாள். நமக்காக ஒருத்தர் மெனக்கெட்டால் அதில் குறை சொல்லக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் பொம்பளைப் பிள்ளைகளைச் சொல்லிச் சொல்லியே வளர்ப்பார்கள். அக்கா அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு.

கார் எங்களுடையது இல்லை. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முதலாளி ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய பிறகுதான் அவருக்கு இடுப்பு வலி வந்தது. தரையோடு தரையாக இருக்கும் அந்தக் காருக்குள் இறங்கினால் ஏற முடியாது. அதனால் வண்டி பாதி நாள் என் மெக்கானிக் பட்டறையில்தான் கிடக்கும். அக்கா வேன் டிரிப்பு முடித்து வந்து அதைத் துடைப்பாள், ஸ்டார்ட் பண்ணி வைப்பாள், பின்னால் உள்ள காலி மைதானத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவாள். போன தை மாசம் மேலூர் தாண்டி ஒரு பொட்டலில் கார்ப் போட்டி அறிவித்தார்கள். பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துப் பாதை அமைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம், ஆளுக்கு இரண்டு ரவுண்டு. முதலாளி தன் அக்கா மகனை ஓட்டச் சொன்னார். பையன் ஆறடிக்கு மேலே. பிறகு என்ன தோன்றியதோ, எங்கள் அக்காவைப் பார்த்து, "தாயி, நீயும் ஓட்டுறியா?" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அவள் கண்ணைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன தலையாட்டல் என்று. முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். "சனிக்கிழமை நான் வருவேன். வேகமா வந்து கோட்டுல நிப்பாட்டிக் காட்டணும். நிக்கலைன்னா கோவிச்சுக்கக் கூடாது, மாப்ள மட்டும்தான் ஓட்டுவான்."

வேனில் நாற்காலியில் உட்கார்வது மாதிரி நிமிர்ந்து உட்காரலாம், பெடல் காலுக்கு நேர் கீழே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்லை. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட உட்காருகிற மாதிரி இரண்டு காலையும் முன்னால் நீட்டி உட்கார வேண்டும். மைதானத்தில் மெதுவாகச் சுற்றுவதற்கு அக்கா எப்படியோ சமாளித்தாள், வேகம் என்று வந்தால் சமாளிப்பு நடக்காது. விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அம்மா இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்கு வைத்தாள். எதிர்க் கடைக்காரர் கீழே இன்னொன்றை வைத்தார். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று ஒருவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். காரம் கிடக்கட்டும், கிளட்ச் எட்ட வேண்டாமா? நான் சீட்டை அடித்தண்டவாளத்தில் ஒவ்வொரு பல்லாக முன்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது ஒரே பதில்தான், "சரியா இருக்குடா."

சனிக்கிழமை காலையில் முதலாளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மைதானத்தில் உட்கார்ந்தார். அவர் மருமகன், அந்த ஆறடிப் பையன், சுண்ணாம்புக் கோட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா எடுத்ததுமே வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. இரண்டாவது தடவை நன்றாகத்தான் வந்தாள். கோட்டுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது முதுகுத் தலையணை பிதுங்கி, அவள் பின்னால் போய்விட்டாள், கால் நுனி வழுக்கியது. கார் கோட்டைத் தாண்டிப் போய்ப் புழுதிக்குள் நின்றது. முதலாளி எழுந்தார். "பரவாயில்ல தாயி. உன்மேல தப்பில்ல, உசரம் அப்படி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் சுவரோரம் நிறுத்திப் பார்த்து அனுப்பியவர்களும் இதையேதானே சொல்லியிருப்பார்கள்!

அக்கா இறங்கினாள். முதுகுத் தலையணையை உருவிப் புழுதியில் போட்டாள். கீழே இருந்ததையும் உருவிப் போட்டாள். வேடிக்கை பார்க்க வந்த அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், நான் பிறந்ததிலிருந்து கேட்காத ஒரு குரலில் சொன்னாள்: "எனக்கு எட்டல. கிளட்சும் எட்டல, பிரேக்கும் எட்டல, ரோடும் தெரியல. இம்புட்டு நாளா நான் சரியா இருக்குன்னு சொன்னது பொய். டேய் தம்பி, சீட்டைக் கழட்டு. அண்ணே, சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க." முதலாளி அசந்துபோய், "சரி தாயி" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நடந்த வேலையைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. சீட்டைக் கழற்றி, அடியில் இரும்புப் பட்டை கொடுத்து உயர்த்தினேன். "இன்னும்" என்றாள். மறுபடி கழற்றினேன். பானட்டுக்கு மேலே தரை தெரிகிறது என்று அவளே சொன்ன பிறகுதான் விட்டாள். உயர்த்தியதும் பெடல் இன்னும் தூரமாகிவிட்டது. சீட்டை முன்னால் தள்ளினால் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கும், அதற்குள்ளே காற்றுப்பை வேறு இருக்கிறது, வெடித்தால் முகம் தாங்காது. அதனால் பெடலை அவளிடம் கொண்டுவந்தோம். மூன்று பெடலிலும் அலுமினியக் கட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினேன். "பிரேக்குக் கட்டை இடதுபக்கம் தள்ளியிருக்கு" என்றாள். மாற்றினேன். "குதிகால் தரையில படல" என்றாள். கீழே ஒரு பலகையை அசையாமல் இறுக்கினேன். இடுப்பு சீட்டின் மூலையில் ஒட்டியிருக்க, கிளட்சை முழுசாக மிதித்தும் முழங்கால் லேசாக மடங்கி நின்றது. முதுகு எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல் விளிம்பில் உட்கார்ந்தது. கடைசியாகத்தான் கண்ணாடிகளைத் திருப்பினோம். ஒவ்வொன்றுக்கும் அவள் குறை சொன்னாள், நான் ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஸ்பானரைத் தூக்கினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் கார் கோட்டை நோக்கி வந்தது. சும்மா வரவில்லை, காலையில் வந்ததைவிட வேகமாக வந்தது. அக்கா மிதித்தாள். முன்சக்கரம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. சீட்டில் அவள் ஒரு இம்மிகூட நகரவில்லை. முதலாளி எழுந்து வந்து, இடுப்பு வலியோடு குனிந்து, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் கூட்டமான கூட்டம். போட்டிக்காரர்கள் காரைச் சோதித்தபோது கட்டைகளை உலுக்கிப் பார்த்தார்கள், பலகையை உதைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆடவில்லை. அக்காதான் முதலில் போனாள். கூம்புகளுக்கு நடுவே அந்த மஞ்சள் கார் வளைந்து வளைந்து போனதை நான் வார்த்தையில் சொல்ல முடியாது. ஒரு கூம்புகூட விழவில்லை. நான் கத்தியதில் எனக்குக் குரல் கட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவரிடம், கேட்காமலே, "எங்க அக்கா சார், எங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண் கலங்கியதைப் புழுதி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை. அவள் நேரத்தை மைக்கில் சொன்னபோது அதுவரை ஓடியவர்களில் அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை தட்டினார்.

அடுத்தது மருமகன் முறை. வந்தவன் நேராக என்னிடம், "அண்ணே, ஸ்பானரைக் குடுங்க, கட்டையெல்லாம் கழட்டணும்" என்றான். நான் முதலாளியைப் பார்த்தேன். கார் அவருடையது. முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா, "போல்ட்டுல கை வைக்காதீங்க தம்பி. சீட்டைப் பின்னால மட்டும் தள்ளிக்கங்க. எனக்கு இன்னொரு ரவுண்டு இருக்கு" என்றாள். முதலாளி சிரித்துவிட்டார். "அவுக சொல்றபடி செய் மாப்ள" என்றார். பையன் சீட்டைக் கடைசிவரை தள்ளி, மடங்கி மடங்கி உள்ளே நுழைந்தான். உட்கார்ந்த கையோடு, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "தலை இடிக்குது!"

"கொஞ்சம் குனிஞ்சுக்கங்க தம்பி, இப்ப ஒரு ரவுண்டுதானே" என்றாள் அக்கா.